அமெரிக்க உணவகங்களில் டிப்ஸ்: எவ்வளவு கொடுப்பது, ஏன் கொடுப்பது?

கொங்குநாட்டான்:

அனைவருக்கும் வணக்கம். அலுவலக மாற்றலில் கோயம்புத்தூரிலிருந்து டெக்சஸ் மாநிலத்தின் பிளேனோ நகருக்கு அண்மையில் குடும்பத்தோடு வந்து சேர்ந்திருக்கிறேன். ஊரில் சோம்பும் கற்கண்டும் வைத்த தட்டில் பில் வரும்போது மீதிச் சில்லறையையோ, மிஞ்சிப்போனால் ஓர் ஐம்பது ரூபாய்த் தாளையோ வைத்துவிட்டு எழுந்து வருவதுதான் வழக்கம். வைக்காமல் வந்தாலும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இங்கே அலுவலக நண்பர்களைக் கேட்டால் ஒருவர் 15 சதவீதம் தாராளம் என்கிறார், இன்னொருவர் 20-க்குக் குறைந்தால் சர்வரை அவமதிப்பதாகும் என்கிறார், மூன்றாமவரோ காபிக் கடையின் திரை எதைக் காட்டினாலும் அழுத்திவிட்டு வருகிறார்.

தொகையைவிட அதன் காரணந்தான் எனக்கு விளங்கவில்லை. முதலாளி சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஒருவருக்கு, உணவு விலையில் ஐந்தில் ஒரு பங்கை வாடிக்கையாளர் ஏன் தனியாகக் கொடுக்க வேண்டும்? அப்படியே கொடுத்தாலும் வரியைச் சேர்த்துக் கணக்கிடுவதா, சேர்க்காமலா? கவுண்ட்டரில் நின்று வாங்கிக்கொண்டு போகும் இடங்களுக்கும் இது பொருந்துமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய சர்வர்:

நான் ஹூஸ்டனில் வளர்ந்தவன்; கல்லூரிக் காலத்தில் மாலை வேளைகளில் ஓர் உணவகத்தில் சர்வராக வேலை பார்த்திருக்கிறேன். காரணத்தைச் சொல்லிவிட்டால் தொகை தானாகவே விளங்கிவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கூட்டாட்சிச் சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். ஆனால் மாதத்துக்கு 30 டாலருக்கு மேல் வழக்கமாக டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி தம் பையிலிருந்து மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும், மீதி 5.12 டாலரை நீங்கள் கொடுக்கும் டிப்ஸிலிருந்து ஈடுகட்டிக்கொள்ளலாம். இதற்கு டிப் கிரெடிட் என்று பெயர். இந்த 2.13 எங்கிருந்து வந்தது என்றால், 1991-இல் பொதுவான குறைந்தபட்ச ஊதியம் 4.25 டாலராக இருந்தபோது அதில் பாதி என்று வைத்த கணக்கு அது. 1996-இல் வந்த சட்டத் திருத்தம் அந்தப் பாதி என்ற தொடர்பை அறுத்துவிட்டு எண்ணை மட்டும் அப்படியே நிறுத்திவிட்டது. பொது ஊதியம் படிப்படியாக உயர்ந்து 2009-இல் 7.25-ஐத் தொட்டது, சர்வரின் 2.13 மட்டும் இன்றுவரை அசையவில்லை. பல மாநிலங்கள் தாங்களாகவே இதைவிடக் கூடுதலாக வைத்திருக்கின்றன. நீங்கள் வந்து சேர்ந்திருக்கும் டெக்சஸ் அப்படிச் செய்யவில்லை. டிப்ஸ் வருமானத்துக்கு உரிய வரிகளையும் இந்தச் சிறு சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொள்வதால், என் சம்பளச் சீட்டில் சில வாரங்களில் கைக்கு வரும் தொகை என்ற இடத்தில் பூஜ்யமே அச்சாகியிருக்கும். ஆகவே முதலாளி சம்பளம் கொடுக்கிறார் என்று நீங்கள் நினைப்பது இந்த ஊரில் பெயரளவுக்குத்தான் உண்மை.

வாடிக்கையாளர் கண்ணில் படாத இன்னொரு செலவும் உண்டு. இரவு கணக்கை முடிக்கும்போது மேசை துடைப்பவருக்கும், பானம் கலந்து தரும் பார்டெண்டருக்கும், வாசலில் நின்று இடம் காட்டும் பெண்ணுக்கும் சர்வர் தம் டிப்ஸிலிருந்து பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும். இதை டிப்-அவுட் என்பார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் இந்தப் பங்கை, வந்த டிப்ஸைக் கொண்டு அல்லாமல், அன்று நான் விற்ற தொகையைக் கொண்டே கணக்கிட்டார்கள். விற்பனையில் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 டாலருக்குச் சாப்பிட்ட மேசை ஒன்றும் வைக்காமல் எழுந்து போனால், மற்ற மேசைகளில் சம்பாதித்ததிலிருந்து 4 டாலரை எடுத்து அந்த மேசைக்காக நான் கட்டியாக வேண்டும்.

இனி தொகைக்கு வருகிறேன். உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் 18 முதல் 20 சதவீதம் இன்றைய வழக்கம். வரிக்கு முந்தைய தொகையில் கணக்கிட்டால் போதும். பிளேனோவில் விற்பனை வரி 8.25 சதவீதம் என்பதால் 80 டாலர் உணவுக்கு 86.60 டாலர் பில் வரும். 80-க்கு 20 சதவீதம் 16 டாலர், ஆனால் வரியையும் சேர்த்துக் கணக்கிடும் இயந்திரம் 20 சதவீதம் என்று சொல்லிக்கொண்டே 17.32-ஐக் காட்டும். கூப்பனோ தள்ளுபடியோ இருந்தால் தள்ளுபடிக்கு முந்தைய விலையைக் கொண்டு கணக்கிடுவதே முறை, ஏனென்றால் சர்வரின் வேலையில் யாரும் தள்ளுபடி செய்யவில்லை. நீங்களே எடுத்துச் சாப்பிடும் பஃபே என்றால் 10 சதவீதம் வைக்கலாம். கவுண்ட்டரில் வாங்கிக்கொண்டு போகும் இடத்தில் எந்தக் கடமையும் இல்லை; திரையில் ‘டிப் வேண்டாம்’ என்பதைக் கூச்சப்படாமல் அழுத்துங்கள்.

வழக்காடி:

பழைய சர்வர் சொன்ன எண்களை நான் மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தின் மறுபாதியையும் சொல்லியிருக்க வேண்டும். 2.13 டாலரும் டிப்ஸும் சேர்ந்து மணிக்கு 7.25 டாலரை எட்டவில்லையென்றால், குறையும் தொகையை முதலாளியே போட்டு நிரப்பியாக வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு மணி நேரத்திலும் வாடிக்கையாளர்கள் கொடுக்கும் முதல் 5.12 டாலர் யாருடைய சுமையைக் குறைக்கிறது? முதலாளியுடையதைத்தான். நன்றிக்காகக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு நாம் கடைக்காரரின் சம்பளப் பட்டியலை நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

இந்த வழக்கத்தின் வேரும் அவ்வளவு மேன்மையானதன்று. ஐரோப்பியப் பிரபுக்களின் வீடுகளில் இருந்த பழக்கத்தை அமெரிக்கச் செல்வந்தர்கள் கொண்டுவந்தார்கள்; உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலையான கறுப்பின மக்களைப் புல்மன் நிறுவனம் தன் ரயில் பெட்டிகளில் பணியாளராகச் சேர்த்து, மிகக் குறைந்த சம்பளத்தைக் கொடுத்து மீதியைப் பயணிகளின் கையில் எதிர்பார்க்க வைத்தது. அன்றைக்கே இதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. வாஷிங்டன் மாநிலம் 1909-இல் டிப்ஸைத் தடைசெய்து சட்டமே இயற்றியது, ஆனால் சில ஆண்டுகளில் அது நீக்கப்பட்டது. 1938-இல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தபோது உணவக ஊழியர்கள் அதற்குள் வரவில்லை. 1966-இல் சேர்த்தபோதும் இந்த டிப் கிரெடிட்டோடு சேர்த்தே உள்ளே விட்டார்கள்.

நல்ல சேவைக்கான பரிசு என்ற வாதமும் நிற்காது. டிப்ஸைப் பற்றிப் பல்லாண்டுகள் ஆராய்ந்த கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் லின், சேவையின் தரத்துக்கும் டிப்ஸின் அளவுக்கும் உள்ள தொடர்பு மிகவும் பலவீனமானது என்றே கண்டார். விலை உயரும்போது சதவீதக் கணக்கில் டிப்ஸும் தானே உயர்ந்துவிடுகிறது. அப்படியிருக்கச் சதவீதமும் 15-லிருந்து 20-க்கு ஏன் ஏற வேண்டும் என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. 40 டாலர் ஒயின் புட்டியைத் திறப்பதற்கும் 200 டாலர் புட்டியைத் திறப்பதற்கும் ஒரே தக்கைத்திருகிதான், ஒரே கைதான். நான் 15 சதவீதம் கொடுக்கிறேன், அதற்கு மேல் கொடுப்பதில்லை.

பழைய சர்வர்:

வழக்காடி அவர்களின் வரலாற்றில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஒயின் புட்டி விஷயத்திலும் அவர் சொல்வது சரி. ஆனால் அந்த 7.25 உத்தரவாதத்தை நடைமுறையில் பார்க்க வேண்டும். கணக்கு நாள்தோறும் அல்ல, வாரத்துக்கு ஒருமுறை பார்க்கப்படுகிறது. திங்கட்கிழமை காலியான மேசைகளைத் துடைத்துக்கொண்டு ஆறு மணி நேரம் நின்றவரின் குறையைச் சனிக்கிழமை இரவின் டிப்ஸ் நிரப்பிவிட்டால் முதலாளி ஒரு காசும் போட வேண்டியதில்லை. தவிரவும், இந்த நகர்ப்புறங்களில் மணிக்கு 7.25 டாலரை வைத்துக்கொண்டு யாரும் வாடகை கட்ட முடியாது.

முறையை மாற்ற முயன்றவர்களும் உண்டு. நியூயார்க்கின் பெயர்பெற்ற உணவக உரிமையாளர் டேனி மேயர் 2015-இல் தம் உணவகங்களில் டிப்ஸை ஒழித்து அந்தச் செலவை உணவு விலையிலேயே சேர்க்கப்போவதாக அறிவித்தார். 2020-இல் அவரே அதைக் கைவிட்டுப் பழைய முறைக்குத் திரும்பினார். பக்கத்துக் கடையில் 20 டாலர் என்று அச்சிட்டிருக்கும் அதே உணவுக்கு 24 டாலர் என்று அச்சிடுபவரின் பட்டியலைப் பார்த்ததும் வாடிக்கையாளர் தயங்குகிறார். கூட்டம் நிறைந்த இரவுகளில் நன்றாகச் சம்பாதிக்கும் சர்வரும் அங்கே நிலைப்பதில்லை. முறை தவறு என்பதற்காக நீங்களோ நானோ குறைத்துக் கொடுத்தால், அன்றிரவு அந்த இழப்பு உரிமையாளரைப் போய்ச் சேராது.

வளைகுடாவாசி:

நான் கலிபோர்னியாவின் சான்ஹோசே பக்கம் இருக்கிறேன். மேலே சொன்ன 2.13 கணக்கு நாடு முழுவதற்கும் பொருந்தாது என்பதைக் கொங்குநாட்டான் அவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மின்னசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் டிப் கிரெடிட்டே கிடையாது. சர்வருக்கும் மாநிலத்தின் முழுக் குறைந்தபட்ச ஊதியத்தைக் கொடுத்தாக வேண்டும். கலிபோர்னியாவில் 2025-இல் அது மணிக்கு 16.50 டாலர். ஆனாலும் இங்கும் எல்லாரும் 18, 20 என்றே பேசுகிறார்கள். நான் இங்கே மனச்சங்கடம் இல்லாமல் 15 கொடுக்கிறேன். டெக்சஸுக்கு வந்தால் 20 கொடுப்பேன்.

பில்லைக் கடைசி வரி வரை படித்துவிட்டே பேனாவைத் திறக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஆறு அல்லது எட்டுப் பேருக்கு மேல் போனால் பல இடங்களில் 18 சதவீதத்தை அவர்களே சேர்த்துவிடுவார்கள்; நான்கு குடும்பங்கள் கூடிப் போகும் நம்மவர்கள் அதைக் கவனிக்காமல் இரண்டு முறை கொடுத்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். அப்படிக் கட்டாயமாகச் சேர்க்கப்படும் தொகையை வருமான வரித்துறை டிப்ஸாகக் கருதுவதில்லை. அது உணவகத்தின் வருமானம், ஊழியருக்குக் கொடுத்தால் சம்பளம். 2025-இல் வந்த புதிய வரிச் சட்டத்தில் ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸுக்கு அளித்திருக்கும் வருமான வரிக் கழிவும், வாடிக்கையாளர் தாமாக விரும்பிக் கொடுத்த தொகைக்கு மட்டுமே கிடைக்கும். ஆகவே கட்டாயத் தொகை பில்லில் இருந்தால், அது சர்வருக்குப் போகிறதா என்று அவரையே கேட்டுவிடுவதில் தவறில்லை. சான்பிரான்சிஸ்கோவில் ஊழியர் மருத்துவச் செலவுக்கென்று பல உணவகங்கள் ஒரு கூடுதல் கட்டணத்தைப் போடுகின்றன. அதுவும் டிப்ஸ் அல்ல.

கொங்குநாட்டான்:

அனைவருக்கும் மிக்க நன்றி. டெக்சஸில் இருக்கும்வரை வரிக்கு முந்தைய தொகையில் 18 அல்லது 20 கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டேன். வழக்காடி அவர்களின் கோபமும் நியாயமாகவே படுகிறது, ஆனால் அதைச் சர்வரிடம் காட்ட மனம் வரவில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. நம்மவர் நடத்தும் சில இந்திய உணவகங்களில் கார்டில் கொடுக்கும் டிப்ஸை உரிமையாளரே எடுத்துக்கொள்கிறார் என்று சொல்கிறார்களே, அது அனுமதிக்கப்பட்டதா? அடுத்து, கார்டை எடுத்துக்கொண்டு போய்த் தேய்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்த பிறகு டிப்ஸை எழுதச் சொல்கிறார்கள். முடிந்துபோன கணக்கில் அது எப்படி ஏறுகிறது?

பழைய சர்வர்:

முதல் ஐயத்துக்கு விடை, அனுமதி இல்லை என்பதே. 2018-இல் திருத்தப்பட்ட சட்டப்படி உரிமையாளரோ மேலாளரோ ஊழியர்களின் டிப்ஸில் கை வைக்கக் கூடாது. டிப் கிரெடிட் எடுக்காமல் முழு ஊதியம் கொடுக்கும் முதலாளிக்கும் இது பொருந்தும். அப்படி முழு ஊதியம் கொடுக்கும் இடத்தில் சமையலறையில் இருப்பவர்களுக்கும் சேர்த்துப் பகிர்வதற்கு அனுமதி உண்டு, ஆகவே பகிர்ந்தாலே திருட்டு என்று நினைத்துவிட வேண்டாம். கார்டு நிறுவனம் பிடிக்கும் கட்டணத்தில் டிப்ஸுக்கு உரிய பங்கைக் கழித்துக்கொள்ளவும் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது. ஐயமிருக்கும் இடத்தில் ரொக்கமாகச் சர்வரின் கையிலேயே கொடுத்துவிட்டு, சீட்டில் டிப் என்ற வரியில் ‘ரொக்கம்’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள். அந்த ஊழியர்கள் தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவில் புகார் கொடுக்கலாம்.

இரண்டாவது ஐயம் எல்லாருக்கும் வருவதுதான். முதல்முறை தேய்க்கும்போது உணவுத் தொகைக்கு ஒப்புதல் மட்டும் வாங்கப்படுகிறது, கணக்கு முடிவதில்லை. இரண்டு சீட்டுகள் வரும். கடைக்கு உரிய பிரதியில் டிப் தொகையையும் கீழே மொத்தத்தையும் எழுதிக் கையெழுத்திட்டு மேசையிலேயே வைத்துவிட வேண்டும், மற்றது உங்களுடையது. இரவு கடை மூடும் நேரத்தில் சர்வர் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்து டிப் தொகையை இயந்திரத்தில் ஏற்றுவார். அதனால்தான் வங்கிக் கணக்கில் முதலில் 86.60 என்று தெரிந்தது ஓரிரு நாள் கழித்து 102.60 என்று மாறும். மொத்தத்தைக் கூட்டி எழுதாமல் விட்டுவிடாதீர்கள். உங்கள் பிரதியையும் கணக்கில் அந்தத் தொகை ஏறும்வரை வைத்திருங்கள்.