ஜோங்காவில் மழைத் தண்ணீர் ஒழுகுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். ராணுவ ஏலத்தில் போன ஜோங்கா ஒன்றைக் கைமாற்றில் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. நிசானின் பேட்ரோல் 60 என்ற ஜீப் மாடலை வைத்து, நம் ராணுவத்துக்காக ஜபல்பூரில் செய்த வண்டி. என்ஜின் இன்னும் தங்கம்தான். ஆனால் ஐப்பசி மழை பிடித்தால் உள்ளே உட்கார முடியவில்லை.

முன்கண்ணாடியை மடக்கிப் படுக்கவைக்கலாம் இல்லையா, அந்தச் சட்டம் பானெட்டுக்குப் பின்னால் வந்து உட்காரும் இடத்தில்தான் பெரிய ஒழுகல். உள்பக்கம் சாக்பீஸ் பொடி தூவிவிட்டு, வெளியே கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். வலது கீலுக்குப் பக்கத்தில் பொடி நனைந்து கோடு விழுந்தது. அங்கே ரப்பர் இறுகிப்போய், நகத்தால் அழுத்தினால் உதிர்கிறது. தண்ணீர் சொட்டுவது சரியாக ஒயர்கள் மேல். அதுதான் பயமாக இருக்கிறது.

சிலிக்கான் அடைக்கச் சொன்னார்கள். புளித்த வாடை வருகிற வகை வெறும் தகரத்தில் துருவைக் கிளப்பும், கண்ணாடியையும் அப்புறம் மடக்க முடியாது. அதனால் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இந்த இடத்துக்கு உள்ளே குழலாக இருக்கும் ரப்பர் பட்டை எந்த அளவில் சரியாக உட்கார்ந்தது? கோவையில் எங்கே கிடைக்கும்?

அப்புறம், கேன்வாஸ் கூரையில் தையல் வழியாகவும் கசிகிறது. பருத்தி நூல் நனைந்தால் உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும் என்பதால் அதிலேயே மறுபடி தைக்க நினைக்கிறேன். மேலே மெழுகும் தேய்க்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.