கணவருக்கு லண்டனில் 26,000 பவுண் சம்பளம்: அப்பாவின் சத்தியக் கடதாசி மிச்சத்துக்கு உதவுமா?

உப்புவெளி நிலா:

வணக்கம். கல்யாணப் பதிவு முடிந்துவிட்டது. கணவருக்கு லண்டனில் நிரந்தர வதிவிடம் இருக்கிறது. ஒரே கம்பனியில் எட்டு மாதமாக வேலை, வரி கழிக்க முன் வருடத்துக்கு 26,000 பவுண். என்னைத் துணை விசாவில் அங்கே கூப்பிட வருடத்துக்கு 29,000 பவுண் வருமானம் வேண்டும் என்கிறார்கள். குறைகிற 3,000 பவுணுக்கு எங்களிடம் இருப்பவை:

திருகோணமலை வங்கியில் என் பேரில் 45 லட்சம் ரூபா நிலையான வைப்பு. எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வீடு. மாதம் 60,000 ரூபா வாடகை வருகிறது, அதை அப்பாதான் கையில் வாங்குகிறார். நான் இங்கே ஆசிரியர், அந்தச் சம்பளமும் உண்டு. சித்தப்பாவுக்கு லண்டனில் கடை, லிமிட்டெட் கம்பனியாகப் பதிந்தது; சனி ஞாயிறு என் கணவரை அங்கே வேலைக்கு எடுக்கலாம் என்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே, "மகளின் செலவு என் பொறுப்பு" என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்து, வீட்டுக்கு மதிப்பீட்டு அறிக்கையும் எடுத்துத் தர அப்பா தயாராக இருக்கிறார்.

இதில் எது சேரும், எது சேராது?

கோணமலையான்:

தங்கச்சி, அப்பாவின் கடதாசியை முதலில் ஒதுக்கி வையுங்க. பிரித்தானிய விதியில் பார்க்கப்படுவது உங்கள் இரண்டு பேரின் பணம் மட்டும்தான். மூன்றாம் ஆள் தருகிற உறுதிமொழியை விதிவிலக்கான சூழ்நிலை என்று வாதாடும் விண்ணப்பங்களில்தான் எடுத்துப் பார்ப்பார்கள். அமெரிக்க விண்ணப்பத்தில் கூட்டு ஸ்பொன்சர் கையெழுத்து வைப்பதைக் கேள்விப்பட்டுத்தான் எங்கட ஆட்கள் லண்டனுக்கும் சத்தியக் கடதாசி முடிக்கிறார்கள். வீட்டு மதிப்பீட்டு அறிக்கையும் அப்படித்தான். வீட்டின் பெறுமதி, நகை, சீட்டில் போட்ட காசு எதுவும் கணக்கில் வராது. உங்கள் ஆசிரியர் சம்பளமும் வராது. வெளிநாட்டில் இருந்து விண்ணப்பிக்கும் துணையின் வேலை வருமானத்தை விதி எடுப்பதில்லை.

இனிச் சேமிப்பு. 29,000 என்ற தொகை 2024 ஏப்ரல் 11 முதல் இருக்கிறது, அதற்கு முன் 18,600. சம்பளம் குறைந்தால் கணக்கு இப்படி: குறைகிற தொகை × 2.5, அதோடு 16,000. உங்களுக்கு 3,000 × 2.5 = 7,500; 16,000 கூட்டினால் 23,500 பவுண். முதல் 16,000 கணக்கில் வராததற்குக் காரணம், அங்கே அதற்கு மேல் சேமிப்பு உள்ளவருக்கு வருமானத்தைப் பொறுத்துத் தரும் அரச உதவி கிடைக்காது என்பதுதான். 2.5 என்பது விசாக் காலத்தை இரண்டரை வருடமாக எடுத்த கணக்கு.

பவுண் 400 ரூபா என்று வைத்துப் பாருங்க. 23,500 பவுண் 94 லட்சம். உங்கள் 45 லட்சம் 11,250 பவுண்தான், 16,000ஐத் தொடவில்லை. அதனால் அது பாதி உதவி கூட இல்லை, முழுப் பூச்சியம். பலர் சறுக்குகிற இடம் இதுதான்: "கொஞ்சமாவது சேருமே" என்று போடுவார்கள், சேராது.

அப்பாவிடம் காசு இருந்தால் கடதாசிக்குப் பதிலாகக் காசையே தரட்டும். உங்கள் கணக்குக்கோ கணவர் கணக்குக்கோ அன்பளிப்பாக வந்து, ஆறு மாதம் முழுக்கத் தேவையான தொகைக்குக் கீழே ஒரு நாளும் இறங்காமல் கிடக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தில் ஆகக் குறைந்த மீதி எதுவோ அதையே எடுப்பார்கள். கடனாக இருக்கக் கூடாது. எங்கிருந்து வந்தது என்று நீங்கள் எழுதும் கடிதம், அப்பாவின் அன்பளிப்புக் கடிதம், அவர் கணக்கிலிருந்து போனதைக் காட்டும் ஸ்டேட்மென்ட் மூன்றையும் வையுங்க.

காணி விற்ற காசுக்கு ஒரு சலுகை உண்டு. ஆறு மாதத்துக்கு முன்பே காணி உங்கள் பேரிலோ கணவர் பேரிலோ இருந்திருந்தால், விற்ற காசு வங்கியில் ஆறு மாதம் கிடக்கத் தேவையில்லை. உறுதியும் விற்பனைப் பத்திரமும் காட்டினால் போதும். அப்பா போன மாதம் நன்கொடை உறுதி எழுதி இந்த மாதம் விற்றால் அந்தச் சலுகை கிடையாது.

கடற்கரை வீதி அக்கா:

சித்தப்பாவின் கடை விஷயத்தில் கவனம், நிலா. பேஸ்லிப் (சம்பளத் தாள்) இருந்தால் சாதாரணச் சம்பளம் என்று நினைக்க வேண்டாம். ஒரு லிமிட்டெட் கம்பனியின் பங்குகள் உங்கள் இருவரின் பெற்றோர், சகோதரர், சித்தப்பா, மாமா, ஒன்றுவிட்ட சகோதரர் போன்ற உறவுகளிடம் இருந்து, வேறு பங்குதாரர் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால், அங்கே வெறும் ஊழியராக இருப்பவரும் வேறு பிரிவில் விழுவார். அப்போது கம்பனியின் கடைசி முழு நிதியாண்டு அடிப்படை, கம்பனி வரிப் படிவமும் கணக்கறிக்கையும் வேண்டும், சேமிப்பையும் அதோடு கூட்ட முடியாது. இரண்டு நாள் வேலைக்காக முழு விண்ணப்பத்தையும் அந்தப் பிரிவுக்குள் தள்ளிவிட வேண்டாம்.

உறவில்லாத இடத்தில் பகுதி நேர வேலை எடுத்தால் கணக்கு எளிது. மணிக்கூலி வேலைக்குக் கடைசி ஆறு மாதச் சராசரியை வருடத்துக்குப் பெருக்குவார்கள். ஆறு மாதத்தில் 1,500 பவுண் உழைத்தால் வருடத்துக்கு 3,000 ஆகும். 2025 ஏப்ரலில் வந்த 12.21 பவுண் என்ற ஆகக் குறைந்த மணிக்கூலிப்படி 123 மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து மணித்தியாலம் போதும். இப்போதைய வேலையிலேயே ஓவர்டைம் கிடைத்தால் இன்னும் நல்லது. அடிப்படைச் சம்பளத்தில் ஆறு மாதத்தின் ஆகக் குறைந்த மட்டத்தை எடுப்பார்கள், ஓவர்டைமைச் சராசரியாகக் கூட்டுவார்கள்.

சம்பள உயர்வு கேட்கப் போகிறார் என்றால்: இன்று 29,000 ஆக்கினாலும் ஆறு மாதம் அந்த மட்டத்தில் வாங்கிய பிறகுதான் அது எண்ணப்படும்.

வாடகையைப் பொறுத்தவரை, அப்பா கையில் வாங்கும் வரை அது இல்லாத காசு. அடுத்த மாதத்திலிருந்தே குடியிருப்பவர் உங்கள் கணக்கில் போடட்டும். வேண்டியவை: உங்கள் பேரில் உறுதி, வாடகை ஒப்பந்தம், கடைசி 12 மாத ஸ்டேட்மென்ட். அந்த 12 மாதத்தில் கணக்கில் விழுந்த தொகைதான் வருமானம். ஆறு மாதம்தான் விழுந்ததென்றால் ஆறு மாதக் காசுதான். முழு வருடம் வந்தால் 7,20,000 ரூபா, 400 ரூபா கணக்கில் 1,800 பவுண். ஒப்பந்தம் அப்பா பேரில் இருந்தால் இப்பவே மாற்றுங்க.

மூதூரான்:

இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். தம்பி கனடாவில் இருந்து மனைவியைக் கூப்பிடுகிறான். இவ்வளவு சம்பளம் என்று அங்கேயும் வரம்பு இருக்கா?

கோணமலையான்:

கியூபெக்குக்கு வெளியே துணைக்கு மட்டும் என்றால் ஆகக் குறைந்த வருமான வரம்பு இல்லை, அண்ணா. கூட வரும் பிள்ளைக்கே ஒரு பிள்ளை இருந்தால்தான் வரம்பு வரும். ஆனால் மூன்று வருடப் பொறுப்புக் கையெழுத்து உண்டு. ஊனம் தவிர்ந்த காரணத்துக்காக அரச சமூக உதவி எடுத்துக்கொண்டிருந்தால் ஸ்பொன்சர் செய்ய முடியாது. வரித் திணைக்களத்தின் கடைசி வருட மதிப்பீட்டு அறிவித்தலை இணைக்கச் சொல்லுங்க.

உப்புவெளி நிலா:

நன்றி அண்ணா, அக்கா. அவர் இந்த மாதமே ஓவர்டைம் கேட்கிறாராம். அப்படியானால் எந்தத் தாள்களை எப்ப எடுப்பது? வைப்புக் காசையும் அப்பாவின் காசையும் சேர்த்தால் 94 லட்சம் வரும், அதையும் பாதுகாப்புக்கு வைக்கலாமா?

கடற்கரை வீதி அக்கா:

வைக்கலாம், ஓவர்டைம் குறைந்தால் கை கொடுக்கும். ஆனால் 94 லட்சத்தில் நிறுத்த வேண்டாம். விண்ணப்ப நாளின் ஒவாண்டா இணையத்தளத்து நாணய வீதத்தில்தான் ரூபாவைப் பவுணாக்குவார்கள். பவுண் 420 ரூபா ஆனால் 98,70,000 வேண்டும். ஒரு கோடிக்கு மேலே வைத்திருப்பது புத்தி. நிலையான வைப்பாக இருந்தாலும் பரவாயில்லை, தண்டம் கட்டியாவது எப்பவும் எடுக்கலாம் என்று வங்கி எழுதித் தர வேண்டும். அந்த வரி கடிதத்தில் இல்லாமல் வெறும் வைப்புச் சான்றிதழை மட்டும் போடாதீங்க. ஸ்டேட்மென்டின் ஒவ்வொரு பக்கத்திலும் கிளை முத்திரை கேளுங்க.

எங்கட ஊரில் வருகிற இன்னொரு சிக்கல் பெயர். கடவுச்சீட்டில் அப்பா பெயரோடு முழுப் பெயர், வங்கியில் முதலெழுத்தோடு பெயர், உறுதியில் வேறு எழுத்துக்கூட்டு. வங்கிக் கடிதத்தில் முழுப் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் போடச் சொல்லுங்க. தமிழில் உள்ள உறுதி, ஒப்பந்தம், பதிவுச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையெழுத்து, திகதி, தொடர்பு விபரம் இருக்க வேண்டும்.

கோணமலையான்:

நாள் கணக்கைச் சொல்கிறேன். இணையத்தில் படிவத்தை அனுப்பிக் காசு கட்டுகிற நாள்தான் விண்ணப்ப நாள். கொழும்பில் கைரேகை வைக்கிற நாள் அல்ல. கடைசிப் பேஸ்லிப்பும் ஸ்டேட்மென்டும் அந்த நாளுக்கு முந்தைய 28 நாட்களுக்குள் இருக்க வேண்டும். ஓவர்டைமோடு ஆறாவது சம்பளம் விழுந்ததும் ஸ்டேட்மென்ட் எடுத்து, அடுத்த இரண்டு கிழமைக்குள் அனுப்பிவிடுங்க.

வேலைக் கடிதத்தில் நாலு விஷயம்: வேலையும் வருடச் சம்பளமும், எவ்வளவு காலமாக வேலை, எவ்வளவு காலமாக இந்தச் சம்பளம், நிரந்தரமா ஒப்பந்தமா. "இவர் எங்கள் ஊழியர்" என்ற இரண்டு வரிக் கடிதம் போதாது. பேஸ்லிப்பில் உள்ள கையில் கிடைக்கும் தொகையும் வங்கியில் விழுந்த தொகையும் ஒன்றாக வர வேண்டும். சம்பளத்தைக் காசாகக் கொடுத்து அவர் அதில் பாதியை மட்டும் வங்கியில் போட்டிருந்தால், போட்ட அந்தத் தொகைதான் எண்ணப்படும்.

ஐஓஎம் (சர்வதேசக் குடிபெயர்வு அமைப்பு) தரும் காசநோய்ச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும், அதை இப்பவே எடுக்க வேண்டாம், ஐந்தாவது மாதத்தில் கொழும்புக்குப் போங்க. ஆங்கிலப் பரீட்சையை இப்பவே எழுதலாம். நிராகரித்தால் விசாக் கட்டணம் திரும்பாது, சுகாதாரக் கட்டணம் 3,105 பவுண் மட்டும் திரும்பும். அதனால் ஒரு பேஸ்லிப் குறைந்தாலும் அனுப்பாமல், அதை எடுத்து வைத்த பிறகு அனுப்புங்க.