கட்டாக்காலி இலத்திரனுக்கு ஒரு பெயர்

அன்பர்களுக்கு வணக்கம்.

"உயர்திறன் துடிப்பு லேசர்களால் உண்டாகும் பிளாஸ்மாவின் எக்ஸ் கதிர் உமிழ்வு" என்ற தொடருக்கு எந்தக் கலைச்சொற்களை வைப்பது என்று இங்கே ஓடும் இழையை இன்றுதான் முழுதாக வாசித்து முடித்தேன். நான் திருகோணமலையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். ஆய்வுகூடத்தில் இந்த லேசரைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் ஒரு சொல் வகுப்பில் எப்படிப் போய் விழும் என்பது கொஞ்சம் தெரியும்.

முதலில் 'திறன்'. ஒரு செக்கனுக்கு வெளிவரும் சக்தியைக் குறிக்க, இழையில் எழுதிய சென்னை ஐயாவுக்கு அது பழகிய சொல். எங்கள் புத்தகங்களில் அதற்கு 'வலு' என்றுதான் இருக்கிறது. 'உயர்திறன் லேசர்' என்று எழுதினால், வினைத்திறன் கூடிய, கரண்ட் மிச்சம் பிடிக்கிற லேசர் என்று இங்கே ஒரு பிள்ளை நினைத்துவிடும். அதற்காக யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன 'சக்திமிக்க லேசர்' பக்கம் போகவும் ஏலாது. இந்த லேசரில் பெரிதாக இருப்பது சக்தி அல்ல. 1 யூல் என்பது 100 கிராம் மாங்காயை ஒரு மீற்றர் உயரத்துக்குத் தூக்கும் வேலை, அவ்வளவுதான். அதே 1 யூலை ஒரு நானோ செக்கனுக்குள், அதாவது செக்கனில் நூறு கோடியில் ஒரு பங்குக்குள், ஒரே துடிப்பாகக் கொட்டினால் 1,000 மெகாவாற்று. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் கொள்ளளவே 900 மெகாவாற்றுத்தான். அந்தத் துடிப்பை 0.1 மில்லிமீற்றர் விட்டமுள்ள புள்ளியில் குவித்தால், சதுர சென்ரிமீற்றருக்கு 12 இலட்சம் கோடி வாற்றைத் தாண்டும். உலோகம் உருகுவதற்கெல்லாம் அங்கே நேரமில்லை. அணுக்கள் இலத்திரன்களை இழந்து பிளாஸ்மாவாகிவிடும். ஆகவே 'உயர்வலு'. தமிழ்நாட்டுப் பதிப்பில் 'உயர்திறன்' இருக்கட்டும். இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு பிறகு வாருங்கள் என்றால், இந்த இழை தைப்பொங்கலுக்கும் முடியாது.

'காலல்' என்பதற்கும் இதே கதைதான். உமிழ்வு என்று நீங்கள் எழுதுவதை நாங்கள் காலல் என்கிறோம். கால்தல் என்றால் கக்குதல், வெளிவிடுதல். நல்ல பழைய சொல். முதல்தடவை கேட்கும் பிள்ளை காலைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரிக்கும். அதுவும் ஒரு நன்மைதான், மறக்காது.

சரி, நான் எழுத வந்த விஷயம் வேறு. இந்தப் பிளாஸ்மாவிலிருந்து எக்ஸ் கதிர் மூன்று வழியில் வருகிறது. எந்த அணுவோடும் சேராமல் ஓடித்திரியும் இலத்திரன் ஓர் அயனுக்குக் கிட்டப் போய், வளைந்து, வேகம் குறைந்து, விலகிப் போகும்போது கதிரை விடுகிறது. அல்லது அயனிடம் பிடிபட்டு அதிலேயே தங்கும்போது விடுகிறது. அல்லது ஏற்கெனவே அயனுக்குள் இருக்கிற இலத்திரன் மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்கு விழும்போது விடுகிறது. முதலாவது தொடர்ச்சியான திருசியம் (நிறமாலை). இரண்டாவதும் தொடர்ச்சிதான், ஆனால் பிடிபடும் மட்டத்தின் கட்டுச்சக்தியில் (அந்த மட்டத்திலிருந்து இலத்திரனைப் பிடுங்கத் தேவையான சக்தியில்) சட்டென்று ஒரு படி தெரியும். மூன்றாவது கூரிய கோடுகள்.

முதலாவதுக்கு ஜேர்மன் மொழியில் 'பிரேக் போடும் கதிர்வீச்சு' என்ற பொருளில் ஒரு சொல் இருப்பதால், அதைப் பார்த்துத் 'தடைக்கதிர்' என்று முன்வைத்திருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தடை என்றாலே எங்கள் பிள்ளைக்கு மின்தடைதான். போகட்டும், வேகம் குறைவதைச் சொல்லும் 'அமர்முடுகற் கதிர்' என்று வைக்கலாம், கருத்து இன்னும் துல்லியம். ஆனால் லேசர் ஒளி பிளாஸ்மாவைச் சூடாக்குவதும் பெரும்பாலும் இதே நிகழ்ச்சி தலைகீழாக நடப்பதால்தான்: அயனுக்குக் கிட்ட நிற்கும் இலத்திரன் ஒளியை விழுங்கி வேகம் கூடுகிறது. அதற்கு என்ன பெயர் வைப்பது? 'நேர்மாறு தடைக்கதிர்' என்றா? கதிரே வெளிவராத இடத்தில் கதிர் என்ற சொல் எதற்கு?

இதற்குப் பதிலாக, இலத்திரனின் நிலையைச் சொல்லியே பெயர் வைக்க, 'கட்டற்ற' (அணுவோடு சேராத), 'கட்டுற்ற' (அயனுக்குள் இருக்கிற) என்ற இணையை இழையில் ஒரு தம்பி தந்திருந்தார். பொருள் சரி. ஆனால் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். இடையில் ஒரு உகரம்தான் வித்தியாசம். கடைசி வாங்கிலிருந்து இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது. அச்சுப்பிழை வந்தால் பௌதிகமே மாறிவிடும்.

நான் குழம்பி நிற்க, ஒரு பிள்ளை சொன்னாள்: "சேர், அது கட்டாக்காலி இலத்திரன்." வகுப்பே சிரித்தது. கட்டாக்காலி என்றால் கட்டை விட்டுத் தெருவில் திரியும் மாடு. ரியூசன் முடிந்து போகிறபோது நடுறோட்டில் படுத்திருந்து, கோர்ன் அடித்தாலும் எழும்பாத மாடுகளை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இன்னொருத்தன் விடவில்லை. "அப்படியென்றால் கோட்டை மான்?" இங்குள்ள பிரட்றிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயில் வழியிலும் புள்ளிமான்கள் திரிகின்றன அல்லவா, அதைத்தான் கேட்டான். அவளே பதில் சொன்னாள்: மானை யாரும் கட்டினதில்லை, மாடு கட்டை விட்டு வந்தது. பிளாஸ்மாவின் இலத்திரனும் ஓர் அணுவிலிருந்து வந்ததுதானே. எனக்கு இதைவிடத் தெளிவாக விளக்க வராது.

ஆனால் 'கட்டாக்காலிக் காலல்' என்று கலைச்சொல் அகராதியில் போட எனக்குத் துணிவில்லை. அதனால் 'அவிழ்', 'கட்டு' என்ற இரண்டை எடுத்தேன். அவிழ்–அவிழ் காலல், அவிழ்–கட்டுக் காலல், கட்டு–கட்டுக் காலல். முன்னது தொடக்கநிலை, பின்னது முடிவுநிலை. லேசரை விழுங்குவது அவிழ்–அவிழ் உறிஞ்சல். கடைசிச் சொல்லை மாற்றினால் போதும், தனிப்பெயர் தேவையில்லை. அவிழ் என்றால் சோற்றுப் பருக்கையும்தான் என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். பிளாஸ்மாவில் சோறு தேடுகிறவர் இருக்கமாட்டார்.

மூன்றாவதுக்கு எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று. புல்மோட்டைக் கறுப்பு மணலின் இல்மனைற்றுக் கனியத்தில் டைட்டானியம் இருக்கிறது. டைட்டானியத் தகட்டை லேசர் தாக்கினால், 22 இலத்திரன்களில் 20 போய், இரண்டோடு நிற்கும் அயன்கள் உண்டாகும். ஈலியத்தில் இருப்பதும் இரண்டுதான். அந்த அயன் விடும் 4,750 இலத்திரன் வோல்ற்றுச் சக்தி அளவிலான திருசியக் கோட்டினை வைத்துத்தான் வேறு பிளாஸ்மாக்களைப் படம் பிடிக்கிறார்கள். அது சுத்தமான கட்டு–கட்டுக் காலல்.

ஆக, என் பங்குக்கு முழுத் தொடர்: "உயர்வலுத் துடிப்பு லேசரால் உண்டாகும் பிளாஸ்மாவின் எக்ஸ் கதிர்க் காலல்". பிளாஸ்மாவை அப்படியே விட்டுவிட்டேன். அதற்குத் தமிழ் தேட விரும்புகிறவர்கள் தயவுசெய்து வேறு இழை திறவுங்கள். அந்த மாட்டையும் இதிலே கொண்டுவந்து கட்டவேண்டாம்.