சட்டைப் பையில் அடங்கும் கம்பியில்லா மிடி கன்ட்ரோலர்: எதைத் தேர்ந்தெடுப்பது?

பயணமெட்டு எழுதியது:

வணக்கம். மனத்தில் தோன்றும் மெட்டுகளை ஐபோனில் உள்ள கராஜ்பேண்டு செயலியில் உடனுக்குடன் பதிவுசெய்துவைப்பது என் வழக்கம். வீட்டில் 61 கட்டைகள் கொண்ட கீபோர்டு இருக்கிறது. ஆனால் மெட்டுகள் பெரும்பாலும் அலுவலகத்துக்குச் செல்லும் வழியிலும் வெளியூர்ப் பயணங்களிலும்தான் வருகின்றன. அந்த நேரங்களில் திரையில் தெரியும் கட்டைகளைத் தொட்டு வாசிக்கிறேன். விரல் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, மென்மையாகத் தொடுவதற்கும் அழுத்தித் தொடுவதற்கும் உள்ள வேறுபாடும் நம்பத்தக்க அளவில் ஒலியில் வருவதில்லை.

ஆகவே புளூடூத் வழியாக இணையும் சிறிய மிடி கன்ட்ரோலர் (தானே ஒலி எழுப்பாமல், செயலியில் உள்ள ஒலிகளை வாசிக்க உதவும் கருவி) ஒன்று வாங்க விரும்புகிறேன். என் கைப்பேசியில் ஹெட்ஃபோன் துளை இல்லை; மின்னேற்றம் செய்யும் ஒரே துளைதான் இருக்கிறது. புளூடூத்தில் தாமதம் அதிகம் என்று பலரும் எச்சரிப்பதால் தயங்குகிறேன். அந்த எச்சரிக்கை எவ்வளவு தூரம் உண்மை? கட்டைகள் கொண்டது நல்லதா, தட்டும் பேடுகள் கொண்டது நல்லதா? சில ஆண்டுகள் கர்நாடக வாய்ப்பாட்டு கற்றவன் என்பதால், நான் அமைக்கும் மெட்டுகளில் கமகம் (சுரத்தை அசைத்தும் வளைத்தும் பாடுவது) இயல்பாகவே வந்துவிடுகிறது. இவ்வளவு சிறிய கருவியில் அதற்கு இடம் இருக்கிறதா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

சுருதிப்பெட்டி எழுதியது:

தாமதத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் பலர் அதைத் தேட வேண்டிய இடத்தில் தேடுவதில்லை. மிடி ஒலியைச் சுமந்து செல்வதில்லை. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என்னும் செய்தியை மட்டுமே மூன்று பைட்டுகளில் அனுப்புகிறது. 1983இல் வந்த பழைய கம்பிவழி மிடியில் அந்தச் செய்தி போய்ச் சேர ஏறக்குறைய 1 மில்லிசெகண்டு ஆகும். ஆப்பிள் நிறுவனம் 2014இல் ஐஓஎஸ் 8 உடன் அறிமுகப்படுத்தி, மறு ஆண்டில் பொதுத்தரமாக ஏற்கப்பட்ட புளூடூத் மிடியில், கருவியும் கைப்பேசியும் இடைவிடாமல் பேசிக்கொண்டிருப்பதில்லை. குறித்த இடைவெளிக்கு ஒருமுறை சந்தித்துச் செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. அந்த இடைவெளி 7.5 மில்லிசெகண்டுக்குக் கீழே போகாது. 15 மில்லிசெகண்டுக்கு மிகக் கூடாது என்று புளூடூத் மிடியின் தரம் கேட்கிறது. எனவே ஒரு கட்டையை அழுத்தியபின் அந்தச் செய்தி மிகுதியாகக் காத்திருந்தாலும் 15 மில்லிசெகண்டு அளவில்தான் காத்திருக்கும். காற்றில் ஒலி ஏறக்குறைய 5 மீட்டர் கடக்க ஆகும் நேரம் அது. மெட்டு வாசிக்கும் கைக்கு இது பெரிய இடையூறாக இருப்பதில்லை.

தாமதத்தின் உண்மையான இருப்பிடம் உங்கள் காதில் இருக்கிறது. புளூடூத் இயர்ஃபோனுக்கு ஒலியை அனுப்பும்போது அதைச் சுருக்கி, சேர்த்துவைத்து, மறுபடி விரிக்க வேண்டியிருப்பதால் 150 மில்லிசெகண்டுக்கு மேலும் தாமதம் ஏற்படுவது சாதாரணம். திரைப்படம் பார்க்கையில் கைப்பேசி படத்தையும் அதற்கேற்பத் தாமதப்படுத்திவிடுவதால் நமக்கு அது தெரிவதில்லை. கட்டையை அழுத்தும் நம் விரலை அப்படித் தாமதப்படுத்த யாராலும் இயலாது. ‘புளூடூத் கன்ட்ரோலர் தாமதிக்கிறது’ என்று வரும் முறையீடுகளில் பல, விசாரித்துப் பார்த்தால், இயர்ஃபோனின் தாமதமாகவே இருக்கும்.

ஆகவே கம்பியுள்ள ஹெட்ஃபோனைக் கைப்பேசியின் ஒரே துளையில் செருகிவிட்டு, கன்ட்ரோலரைக் கம்பியில்லாமல் இணையுங்கள். உங்களைப் போன்றவர்களுக்குக் கம்பியில்லா கன்ட்ரோலர் தேவைப்படுவதற்கான முதன்மைக் காரணமே இதுதான் என்பது என் கருத்து. கம்பிவழி கன்ட்ரோலர் வாங்கினால் இருக்கும் ஒரு துளையை அது எடுத்துக்கொள்ளும். அதற்கான மின்சாரத்தையும் கைப்பேசியின் மின்கலத்திலிருந்தே இழுக்கும். நீங்கள் புளூடூத் இயர்ஃபோனுக்குத் தள்ளப்படுவீர்கள்.

அளவைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கட்டைகள் கொண்ட எதுவும் சட்டைப் பையில் அடங்காது. கோர்க் நானோகீ ஸ்டூடியோ ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் நீளம் கொண்டது. 25 கட்டைகள், எட்டுப் பேடுகள், எட்டுக் குமிழ்கள், ஒரு தொடுபலகை ஆகியவை அதில் உண்டு. இரண்டு டிரிபிள் ஏ மின்கலங்களில் அது இயங்குவதால், மின்னேற்றம் தீர்ந்துவிட்டால் வழியில் உள்ள எந்தப் பெட்டிக்கடையிலும் புதியதை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். அதன் கட்டைகள் தட்டையான பொத்தான்களைப் போன்றவை; அழுத்த வேறுபாட்டை உணரும், ஆனால் கீபோர்டில் பழகிய விரல்களுக்கு முதலில் அந்நியமாகத் தோன்றும். விரல் பழக்கத்தை விட்டுக்கொடுக்க மனமில்லை என்றால் அதே நிறுவனத்தின் மைக்ரோகீ ஏர் 25 பொருத்தமானது. கட்டைகள் சிறியவை என்றாலும் உண்மையாகவே கீழிறங்கி எழுபவை. நீளம் 40 சென்டிமீட்டரை நெருங்குவதால் தோள்பையில்தான் அதை வைக்க முடியும். சிஎம்இ எக்ஸ்கீ ஏர் 25 ஏறக்குறைய அதே நீளம், மிக மெல்லியது, கட்டைகள் முழு அகலத்தில் இருக்கும், ஒவ்வொரு கட்டையையும் அழுத்திப் பிடித்தபின் கொடுக்கும் அழுத்தத்தையும் தனித்தனியாக உணரும்.

உண்மையிலேயே பையில் அடங்குபவை ஆர்ட்டிஃபோன் ஓர்பா போன்ற உள்ளங்கைக் கருவிகளும், ஒரு பக்கம் ஏறக்குறைய 9.4 சென்டிமீட்டர் மட்டுமே உள்ள ரோலி லைட்பேட் பிளாக்கும்தான். ஓர்பாவில் எட்டுத் தொடுபரப்புகளே உள்ளன. தாளத்துக்கும் எளிய மெட்டுக்கும் அது போதும். பன்னிரண்டு சுரத்தானங்களும் விரலடியில் இருக்க வேண்டும் என்று நினைப்பவருக்குப் போதாது. மெட்டமைப்பதே உங்கள் நோக்கம் என்பதால், பை என்னும் நிபந்தனையைத் தளர்த்திக் கட்டைகள் கொண்ட ஒன்றை வாங்குமாறு பரிந்துரைக்கிறேன்.

சொற்கட்டு எழுதியது:

மேலே சொல்லப்பட்டதில் ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்ல விரும்புகிறேன். மெட்டுக்கு 15 மில்லிசெகண்டு பொருட்டில்லை என்பது சரி; தாளத்துக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. நிமிடத்துக்கு 120 தாள அடி வேகத்தில் ஓர் அடிக்குள் எட்டுச் சொற்களை (தாள வாத்தியத்தில் தட்டி எழுப்பும் ஒலிகளை) வாசித்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் 62.5 மில்லிசெகண்டுதான் கிடைக்கிறது. தாமதம் எப்போதும் ஒரே அளவில் இருந்தால் கை அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஒரு சொல்லுக்கு 2 மில்லிசெகண்டும் அடுத்ததற்கு 14 மில்லிசெகண்டும் என்று மாறிக்கொண்டே இருந்தால் நடை தள்ளாடும். புளூடூத் மிடியில் ஒவ்வொரு செய்தியுடனும் அது பிறந்த நேரம் மில்லிசெகண்டு அளவில் குறிக்கப்பட்டு வருகிறது என்பதும், அந்தக் குறிப்பை மதிக்கும் செயலி பதிவைச் சீராக்கிக்கொள்ள முடியும் என்பதும் உண்மையே. ஆயினும் வாசிக்கும் கணத்தில் காதில் விழுவதுதான் வாசிப்பவரின் கையை நடத்துகிறது. ஆகவே துரிதமான சொற்கட்டுகளைப் பேடுகளில் வாசிப்பவர்கள், கம்பிவழியாகவும் இணையக்கூடிய கன்ட்ரோலரை வாங்குவது நல்லது. பயணத்தில் கம்பியில்லாமலும் வீட்டில் கம்பியுடனும் அதைப் பயன்படுத்தலாம்.

ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு குறிப்பு: ஆண்ட்ராய்டு 6.0 முதல் மிடிக்கும் புளூடூத் மிடிக்கும் ஆதரவு உண்டு. ஆனால் ஒலியை வெளியே அனுப்பும் வேகம் கைப்பேசிக்குக் கைப்பேசி பெரிதும் வேறுபடுகிறது. கன்ட்ரோலருக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே, கம்பியுள்ள ஹெட்ஃபோனைச் செருகி, செயலியின் திரையைத் தட்டிப் பாருங்கள். அங்கேயே தாமதம் உணரப்பட்டால் எந்தக் கன்ட்ரோலராலும் அதைக் குறைக்க முடியாது. கைப்பேசி கருவியைத் தேடியும் கண்டுபிடிக்கவில்லை என்றால், ஆண்ட்ராய்டு 11 வரையிலான பதிப்புகளில் செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த அனுமதி இல்லாமல் புளூடூத் தேடல் நடைபெறாது.

பயணமெட்டு எழுதியது:

இருவருக்கும் நன்றி. கம்பியுள்ள ஹெட்ஃபோனுக்குத் துளையை ஒதுக்கிவிட்டு கன்ட்ரோலரைக் கம்பியில்லாமல் வைத்துக்கொள்ளும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. நான் துரிதமான தாளம் வாசிப்பதில்லை. ஆகவே கட்டைகள் கொண்டதையே வாங்க எண்ணுகிறேன். கமகத்தைப் பற்றி யாரேனும் விளக்கினால் முடிவெடுக்க எளிதாக இருக்கும். ஒரு தோடி ராகத்தையாவது அடையாளம் தெரியும்படி வாசிக்க முடியுமா?

காந்தாரம் எழுதியது:

முடியும். அதற்குக் கட்டைகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் பிட்ச் பென்ட் (ஒலிக்கும் சுரத்தை மேலோ கீழோ வளைக்கும் வசதி) எப்படி அமைந்திருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும். ஆகாய் எல்பிகே 25 வயர்லெஸ் சிறியது, எளிதாகத் தூக்கிச் செல்லலாம். ஆனால் அதில் பிட்ச் பென்ட் சக்கரமே இல்லை என்பதால் உங்கள் தேவைக்கு ஆகாது. மைக்ரோகீ ஏர் 25இல் அதற்காக ஒரு சிறு ஜாய்ஸ்டிக் இருக்கிறது. விரலை எடுத்தவுடன் நடுவுக்குத் திரும்பிவிடும் அமைப்பு அது. அசைவுக்குப் பின் சுரத்தில் வந்து நிற்பதற்கு இது நன்றாக உதவுகிறது.

நீங்கள் கேட்ட தோடியையே எடுத்துக்கொள்வோம். அதன் சாதாரண காந்தாரம் தன் இடத்தில் அசையாமல் நிற்பதில்லை. கீழே ரிஷபத்தின் பக்கமும் மேலே மத்திமத்தின் பக்கமும் சென்று வருகிறது. ஸட்ஜத்திலிருந்து எண்ணினால் சுத்த ரிஷபம் 1, சாதாரண காந்தாரம் 3, சுத்த மத்திமம் 5 என்னும் அரைச்சுரங்களில் இருக்கின்றன (அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான தூரம் ஓர் அரைச்சுரம்). காந்தாரக் கட்டையை அழுத்தியபடி கீழே 2, மேலே 2 அரைச்சுரங்கள் வளைத்தால் அந்த வீச்சு முழுவதும் கிடைத்துவிடுகிறது. பெரும்பாலான செயலிகளில் பிட்ச் பென்ட்டுக்கு முன்கூட்டியே வைத்திருக்கும் அளவும் இதுவே. ஆனால் பஞ்சமத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு ஜாரு போட (வழுக்கியபடி செல்ல) வேண்டும் என்றால் 5 அரைச்சுரங்கள் தேவை. அப்போது செயலியில் அந்த அளவைக் கூட்ட வேண்டும். எல்லாச் செயலிகளும், எல்லா ஒலிகளும் இதை மாற்ற இடம் தருவதில்லை. நீங்கள் பயன்படுத்தும் ஒலியில் அந்த வசதி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவைக் கூட்டும்போது இன்னொன்று முக்கியமாகிறது. மிடி தரத்தின்படி பிட்ச் பென்ட்டுக்கு 16,384 படிகள் உண்டு. மலிவான கருவிகள் சிலவற்றில் 128 படிகள் மட்டுமே அனுப்பப்படுகின்றன. மொத்த வீச்சு 4 அரைச்சுரங்களாக இருக்கும்வரை 128 படிகளிலும் ஒரு படி ஏறக்குறைய 3 சென்ட்தான். காது அதைப் பெரும்பாலும் மன்னித்துவிடும். (100 சென்ட் சேர்ந்தது ஓர் அரைச்சுரம்.) அதையே மேலும் கீழும் ஒரு ஸ்தாயிக்கு (12 அரைச்சுரங்களுக்கு) விரித்தால் ஒரு படி 19 சென்ட் அளவுக்குப் பெருத்துவிடுகிறது. மெதுவாக இழுக்கும் ஜாருவில் அது படிக்கட்டில் இறங்குவதைப் போல் கேட்கும். கடையில் கருவியைச் சோதிக்க வாய்ப்புக் கிடைத்தால், மிடி செய்திகளைக் காட்டும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, ஜாய்ஸ்டிக்கை மிக மெல்ல நகர்த்துங்கள். எண்கள் ஒவ்வொன்றாகவோ சிறு சிறு அளவிலோ மாறினால் நல்லது. எப்போதும் 128 128ஆகத் தாவினால் தவிர்த்துவிடுங்கள்.

பிட்ச் பென்ட்டால் தீராத குறை ஒன்றும் இருக்கிறது. அது அந்தச் சேனலில் (மிடி செய்திகள் செல்லும் தடத்தில்) ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் ஒன்றாக வளைக்கும். ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் காந்தாரத்தை மட்டும் அசைக்க முயன்றால் ஸட்ஜமும் சேர்ந்து ஆடும். இதைத் தீர்ப்பதற்காகவே ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் ஒதுக்கும் எம்பிஇ என்னும் முறை 2018இல் தரமாக ஏற்கப்பட்டது. லைட்பேட் பிளாக்கும் இரண்டு ஸ்தாயி கொண்ட சீபோர்டு பிளாக்கும் அம்முறையில் இயங்குபவை. மென்மையான மேற்பரப்பில் விரலை அசைத்தால் அந்தச் சுரம் மட்டும் அசையும். வாய்ப்பாட்டு கற்றவருக்கு இவ்வளவு நெருக்கமான கன்ட்ரோலர் சிறிய அளவில் வேறு இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் சீபோர்டில் சுரத்தைச் சரியான இடத்தில் நிறுத்த மாதக்கணக்கில் சாதகம் தேவை. பேருந்தில் தோன்றிய மெட்டை உடனே பதிவுசெய்யும் அவசரத்துக்கு அது ஒத்துவராது.

மெட்டைப் பிடித்துவைப்பதே உங்கள் முதல் தேவை என்பதால் இப்போதைக்கு மைக்ரோகீ ஏர் 25 போதும். கமகத்தைப் பதிவில் முழுமையாகக் கொண்டுவர வேண்டும் என்னும் ஆசை வலுத்தால் எம்பிஇ கருவியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். இணைக்கும்போது ஐபோனின் புளூடூத் அமைப்புப் பக்கத்தில் கருவியைத் தேட வேண்டாம். கராஜ்பேண்டின் அமைப்புகளுக்குள் மேம்பட்டவை என்னும் பகுதியில் புளூடூத் மிடி கருவிகளுக்கான பட்டியல் இருக்கிறது. அங்கேதான் இணைக்க வேண்டும். அங்கும் பெயர் தெரியவில்லை என்றால், வீட்டிலுள்ள வேறு டேப்லெட்டோ கணினியோ அதை ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கலாம். அதன் இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி தேடுங்கள்.