புதுப்பிப்பு: ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்து பார்த்தேன்

அறையில் நன்றாகக் கேட்கும் என் மிக்ஸை (குரலையும் கருவிகளையும் சேர்த்துக் கலந்த பாட்டை) ஆட்டோவில் போட்டால் குரல் அமுங்கி பேஸ் (அடித்தள ஒலி) மட்டும் குமுறுகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். ஏதாவது ஸ்டூடியோவில் போய் உட்காருங்கள் என்றீர்கள். சரி என்று திருகோணமலையிலிருந்து இரவு ரயில் ஏறி கொழும்புக்குப் போனேன்.

அங்கே ஸ்டூடியோவில் இருந்த அண்ணா எந்த ப்ளக்இன்னையும் (ஒலியை மாற்றும் மென்பொருளை) தொடவில்லை. நாங்கள் கதைக்கும் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து, மோனோவில், அதாவது இடது வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் போட்டார். கிட்டார் பாதி காணவில்லை! ஒரே டேக்கை (ஒருமுறை வாசித்த பதிவை) கொப்பி பண்ணி, சில மில்லி செக்கன் தள்ளி இரண்டு பக்கமும் வைத்திருந்தேன், மோனோவில் அவை ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன.

அப்புறம் திருகோணமலை உவர்மலையில் என் அறை எவ்வளவு நீளம் என்று கேட்டார். பதினோரு அடி. பேஸில் வரும் 50 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளமே கிட்டத்தட்ட 7 மீட்டர், இந்த அளவு அறையில் அது சுவரோரம் பெருகி நடுவில் மெலிந்துவிடும், நானோ சரியாக நடுவில் உட்கார்ந்து, பேஸ் போதாது போதாது என்று கூட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இப்போது மேசையை முன்சுவர்ப் பக்கம் தள்ளி, மூலையில் பழைய மெத்தையை நிறுத்தியிருக்கிறேன். ஆட்டோவில் குரல் கேட்கிறது. மெத்தையைத்தான் அம்மா திரும்பக் கேட்கிறார்.