பி.காம் படிச்சவன் சொந்தமா கம்ப்யூட்டர் சயின்ஸ் கத்துக்க முடியுங்களா?

கேள்வி (திருப்பூர்):
வணக்கமுங்க. பனியன் கம்பெனியில கணக்கு எழுதறேன். ராத்திரி 9 மணிக்கு மேல ஹார்வர்டு யுனிவர்சிட்டியோட சிஎஸ்50ங்கற ஆன்லைன் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடம் பாக்கறேன். கட்டங்கள இழுத்து அடுக்கி புரோகிராம் பண்ற ஸ்கிராட்ச் சுளுவா போச்சுங்க. சி மொழி வந்ததும், ஹேஷ் (#) குறிய படிக்கட்டு மாதிரி வலது பக்கமா அடுக்கற கணக்குல மூணு நாளா நிக்கறேன். பேசாம பைத்தான் மொழிக்குப் போயிரட்டுங்களா?

பதில் (கோபிசெட்டிபாளையம்):
விட்டுறாத கண்ணு. லேப்டாப்ப மூடி வச்சுட்டு ஒரு பழைய பில்லு பின்னாடி எழுதிப் பாரு. உயரம் 8ன்னா மொத வரியில 7 இடைவெளி, 1 குறி. அடுத்ததுல 6, 2. அப்புறம் 5, 3. எப்பக் கூட்டுனாலும் 8 தான். அது புடிபட்டா லூப்புக்குள்ள லூப், அதாவது திரும்பத் திரும்பச் செய்யறதுக்குள்ள இன்னொண்ணு திரும்பத் திரும்பச் செய்யறது, தானா வந்துரும். பைத்தான் அதே பாடத்துல 6வது வாரம் வருது. அதுக்கு முன்னாடி 4வது வாரம் மெமரி, அதுல எது எங்க இருக்குன்னு காட்டற பாயிண்டர். நான் அங்கதான் ரெண்டு மாசம் கெடந்தேன், ஆனா கம்ப்யூட்டர் எனக்குப் புரிஞ்சதே அங்கதான். அதைத் தாண்டிக் குதிக்காத சாமி.

பதில் (கோயம்புத்தூர்):
அக்கா சொல்றது சரிங்க. இது முடிஞ்சதும் ஐஐடிக்காரங்க நடத்தற என்பிடெல் ஆன்லைன் தளத்துல டேட்டா ஸ்ட்ரக்சர் (தகவல அடுக்கி வைக்கற முறை) பாடம் எடுங்க தம்பி. வீடியோ இலவசம், சான்றிதழ் வேணும்னா மட்டும் பரீட்சைக்குக் காசு. வாராவாரம் அசைன்மென்ட்ட விட்டுறாதீங்க.

கேள்வி கேட்டவர்:
அக்கா, வந்துருச்சுங்க! பில்லுல எழுதுன கணக்கு அப்படியே சரி. வரி முடிவுல அடுத்த வரிக்குப் போகச் சொல்ல மறந்துருந்தேன், எல்லாம் ஒரே வரியில ஓடிருச்சு. இப்ப எட்டுப் படியும் நிக்குதுங்க.