எட்டாம் வகுப்புக்கு இணையப் பாதுகாப்பை எப்படிச் சொல்லித் தருவது?

திண்டுக்கல் பக்கம் ஓர் அரசு நடுநிலைப்பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியை நான். போன மாதம் ஒரு மாணவியின் படத்தை வைத்து யாரோ இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்கு திறந்துவிட்டார்கள். செயலியிலேயே புகார் கொடுத்தோம், கணக்கு போய்விட்டது. 1930 (இணையக் குற்றப் புகார்), 1098 (குழந்தைகள் உதவி) எண்களையும் பெற்றோரிடம் சொல்லியாகிவிட்டது.

சிக்கல் அதற்கப்புறம்தான். பிரேயரில் தலைமையாசிரியர் பேசினார். பிள்ளைகள் அந்தப் பெண்ணைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். கடவுச்சொல், ஓடிபி பற்றி வீடியோ போட்டுக் காட்டினேன். தலையாட்டிவிட்டு மறுநாளே நண்பனுக்குக் கடவுச்சொல்லைச் சொல்கிறார்கள் (அதுதான் நட்பாம்!). இன்ஸ்டாவில் சேர 13 வயது ஆக வேண்டும் என்றால், பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பலருக்கு வீட்டில் அம்மாவின் போன்தான், அதுவும் இரவில்தான் கைக்கு வரும்.

அந்த மாணவியைச் சுட்டாமல், 40 நிமிட பீரியடில், போன் இல்லாமலே செய்யும்படி உங்கள் வகுப்பில் எடுபட்ட செயல்பாடு எது?